மோர் குடித்தால் போகாத எரிச்சல்

எங்கள் மெடிக்கல் ஷாப் நாமக்கல்லில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. டி.பார்ம் படித்தது நான், லைசென்ஸும் என் பெயரில்தான். ஆனாலும் நான் கவுண்டரில் நிற்கிறவரை சில பையன்கள் உள்ளே வரவே மாட்டார்கள். எதிர் டீக்கடையில் நின்று போனை நோண்டிக்கொண்டே கடையைப் பார்ப்பார்கள். என் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டி வருவார்கள். முதலில் ஒரு ஹால்ஸ். அப்புறம் ஒரு டோலோ. அதற்கப்புறம்தான் குரல் இறங்கும். "அண்ணா, ஒன்னுக்குப் போனா எரியுதுங். சூடு பிடிச்சிருக்குதாட்ட. சூட்டுக்கு ஏதாச்சும் மாத்திரை இருக்குங்ளா?"

எங்கள் ஊரில் சூட்டின் மேல் பழி போடாத வியாதியே கிடையாது. கண்ணில் கட்டி வந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, பரீட்சையில் தூக்கம் வந்தாலும் சூடு. மே மாதத்தில் தண்ணீர் குடிக்காமல் பைக்கில் சுற்றினால் சிறுநீர் மஞ்சளாகிக் கடுக்கத்தான் செய்யும். ரெண்டு செம்பு தண்ணீரும் மோரும் உள்ளே போனால் அது சரியாகிவிடும். அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் எரிச்சலோடு ஜட்டியில் மஞ்சளாகச் சீழ் படுகிறது, அதுவும் யாருடனோ பாதுகாப்பில்லாமல் உறவு வைத்து நாலைந்து நாள் கழித்து என்றால், அது வெயில் செய்த வேலை இல்லை. இளநீர், வெந்தயம், சப்ஜா விதை, சனிக்கிழமை நல்லெண்ணெய்க் குளியல் எதுவும் அதன் பக்கத்தில்கூடப் போகாது.

பெரும்பாலும் அது கொனேரியாவாக இருக்கும். பழைய ஆட்கள் வெட்டை என்பார்கள். கிருமி உள்ளே போய் 2 நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் ஆண்களுக்கு எரிச்சலும் சீழும் காட்டிவிடும். கூடவே கிளமிடியா என்ற இன்னொரு கிருமியும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். ரெண்டுக்கும் மருந்து இருக்கிறது, ரெண்டும் முழுசாகக் குணமாகும். இதில் எனக்குப் பயமே இல்லை. நான் பயப்படுவது அந்தப் பையன் அடுத்துச் சொல்லும் வாக்கியத்துக்கு: "கூட்டாளி ஒருத்தன் அசித்ரோமைசின் ஒன்னே ஒன்னு போட்டானாம், நின்னுருச்சாம். எனக்கும் ஒன்னு குடுங்ணா."

அசித்ரோமைசின் ஒரு ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் அட்டையின் ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும், பார்த்திருப்பீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்பதற்கான அடையாளம் அது. செஃபிக்ஸிம் மாதிரி மருந்துகளுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனி நோட்டு போட்டு எழுதி, மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். கறாராக இருந்தால் பையன் அடுத்த கடைக்குப் போவான் என்பதும் தெரியும். இருந்தாலும் கொடுப்பதில்லை.

ஏன் என்றால், கொனேரியாக் கிருமி மருந்துகளைத் தோற்கடிப்பதில் கில்லாடி. சல்ஃபா மருந்து வந்தது, தப்பித்துக்கொண்டது. பெனிசிலின், டெட்ராசைக்ளின், சிப்ரோஃப்ளாக்ஸசின் என்று வரிசையாக எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டது. இப்போது உலகம் முழுக்க டாக்டர்கள் பெரும்பாலும் நம்பி இருப்பது செஃப்ட்ரையாக்ஸோன் ஊசியையும் அதன் சொந்தக்கார மருந்துகளையும்தான். அரைகுறை டோஸில் ஒரு மாத்திரை போட்டால் எரிச்சல் குறையும், சீழ் நிற்கும், பையனுக்குக் குணமான மாதிரி இருக்கும். செத்தது பலவீனமான கிருமி மட்டும். மீதி இருப்பது அந்த மருந்தைப் பார்த்துப் பழகிய கிருமி. அதை அவன் அடுத்தவருக்குக் கொடுப்பான்.

இதற்கு இலவசமாக முழு மருந்து கிடைக்கும் இடம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்களுக்கென்று கலர் கலராக மருந்துப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க ஒரே மாதிரி. சீழ் வந்தால் சாம்பல் நிறம், அதில் அசித்ரோமைசினும் செஃபிக்ஸிமும் இருக்கும். வெள்ளைப்படுதலுக்குப் பச்சை, புண்ணுக்கு வெள்ளை, கொப்புளமாக வந்தால் சிவப்பு, பெண்களுக்கு அடிவயிற்று வலி என்றால் மஞ்சள். எதை எடுப்பது என்று டாக்டர்தான் முடிவு செய்வார். நான் சொல்ல வந்தது, எங்கள் கடையில் நூறு நூற்றைம்பது கொடுத்துப் பாதி மருந்து வாங்கத் தயாராக இருக்கும் பையன், ஒரு ரூபாய் செலவில்லாமல் முழு மருந்து வாங்கப் போகமாட்டேன் என்கிறான்.

போகாததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். எங்கள் ஊரின் கதையும் அதில் இருக்கிறது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், நம் சென்னையில். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் டாக்டர் சுனிதி சாலமனின் யோசனையில் முதுநிலை மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவற்றை வேலூர் சி.எம்.சி.க்கு எடுத்துப்போய்ப் பரிசோதித்தார்கள். 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது. நாட்டிலேயே அந்த மாதிரி முதல் சங்கம் அதுதான். லாரித் தொழிலால் வளர்ந்த நாமக்கல், நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பட்டியலில் இருந்தது. பட்டறை, டீக்கடை, தாபா என்று எங்கே திரும்பினாலும் எய்ட்ஸ் போஸ்டர். அப்புறம் வந்தார் புள்ளி ராஜா. "புள்ளி ராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று சுவர், பேனர், பஸ் எல்லாம் அந்தக் கேள்விதான். யாருய்யா அந்த ராஜா என்று ஊரே பேசியது. நான் அப்போது டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லி பஸ்ஸில் பையன்கள் கிண்டல் செய்வார்கள்.

அந்தப் பிரச்சாரத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. காண்டம் என்ற வார்த்தையை எங்கள் ஊர் சத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டது அப்போதுதான். தொற்று குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. ஆனால் ஒரு பக்க விளைவு இன்னும் இருக்கிறது. ஒரே ஒரு நோயின் பெயரை மட்டும், அதுவும் சாவோடு சேர்த்து, ரெண்டு தலைமுறையின் மண்டையில் ஏற்றிவிட்டோம். மற்றதெல்லாம் மறைந்துபோனது. தனியார் லேபில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்து நெகட்டிவ் என்று வந்ததும் பையன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கிறான். எரிச்சல் இன்னும் இருக்கிறதே என்று கேட்டால், "அதான் எய்ட்ஸ் இல்லைன்னு வந்துருச்சுங்ளே, அப்புறம் என்னங்க்கா" என்கிறான்.

அந்த நெகட்டிவ் கூட எப்போது எடுத்தது என்பதைப் பொறுத்தது. தொற்று வந்த மறுநாளே ரத்தத்தில் தெரியாது. சோதனையின் வகையைப் பொறுத்துச் சில வாரங்கள் பிடிக்கும். சாதாரண ரேபிட் டெஸ்டை நம்பி முடிவு சொல்ல மூன்று மாதம் ஆக வேண்டும். நேற்று இரவு நடந்ததற்கு இன்று காலையில் ரத்தம் கொடுத்து நிம்மதி அடைந்தால், அந்த நிம்மதிக்கு அர்த்தம் இல்லை. இன்னொரு பக்கம், பாசிட்டிவ் என்று வந்தாலும் இன்றைக்கு அது மரண ஓலை இல்லை. எச்.ஐ.வி.யை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மாத்திரை அரசு மையங்களில் இலவசம். ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாக அவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவாது. புள்ளி ராஜா காலத்தில் இதை யாரும் சுவரில் எழுதவில்லை, அப்போது இது தெரியவும் தெரியாது. இப்போது தெரிந்தும் யாரும் எழுதவில்லை.

மறைந்துபோன நோய்களில் என்னை அதிகம் உறுத்துவது சிஃபிலிஸ். தாத்தா காலத்து வியாதி என்று பலர் நினைக்கிறார்கள். அது எங்கேயும் போகவில்லை. கிருமி புகுந்து பெரும்பாலும் மூன்று வாரத்தில் ஒரு புண் வரும். பிறப்புறுப்பில், வாயில், ஆசனவாயில், எங்கே தொற்றியதோ அங்கே. அந்தப் புண் வலிக்காது. சிக்கலே அதுதான். வலித்தால் ஓடுவான், வலிக்காத புண்ணுக்கு யார் டாக்டரிடம் போவார்கள்? பெண்ணுக்கு உள்ளே இருந்தால் கண்ணிலேயே படாது. மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாக ஆறிவிடும். பையன் தன் வைத்தியம் பலித்தது என்று நினைப்பான், அது மஞ்சள் பத்தோ பேட்னோவேட் களிம்போ. சில வாரம் கழித்து உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும், அரிப்பு பெரும்பாலும் இருக்காது. அலர்ஜி என்று அவில் மாத்திரை கேட்டு வருவார்கள். அதுவும் மறைந்துவிடும். அப்புறம் வருஷக்கணக்கில் சத்தமே இருக்காது, கரையான் மாதிரி உள்ளே வேலை நடக்கும். சிலருக்குக் கண், மூளை, இதயம் வரை போகும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்து போகலாம், அல்லது நோயோடு பிறக்கலாம்.

இவ்வளவு பெரிய நோய்க்கு மருந்து என்ன தெரியுமா? ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பென்சத்தின் பெனிசிலின், 24 லட்சம் யூனிட், ஒரே தடவை இடுப்பில் ஊசி. வலிக்கும், மறுக்கவில்லை. 1943இல் முதன்முதலில் இந்த நோய்க்குப் பெனிசிலின் கொடுத்துப் பார்த்தார்கள். எத்தனையோ மருந்துகளைக் கொனேரியா தோற்கடித்த இத்தனை வருஷத்தில், சிஃபிலிஸ் கிருமி பெனிசிலினிடம் மட்டும் இன்றுவரை தோற்றுக்கொண்டே இருக்கிறது. கண்டுபிடிக்க வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இது வழக்கமாகவே எடுக்கிறார்கள். உங்கள் அம்மாவின் பழைய பிரசவ நோட்டைப் புரட்டினால் வி.டி.ஆர்.எல். என்று ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு.

பெண்களின் கதை வேறு. அவர்கள் டீக்கடையில் காத்திருப்பதில்லை. என் வீட்டுக்காரர் சாப்பிடப் போகும் நேரம் தெரிந்து வருவார்கள். ஒரு நாள் காலேஜ் பிள்ளை ஒன்று துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே நின்றது. அரிப்பு, தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்படுதல். அழுகிற நிலையில் இருந்தது. "தப்பான நோய்ங்களாக்கா? நான் எதுவும் பண்ணலைங்க்கா" என்றது. போன வாரம் தொண்டை வலிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டாயா என்று கேட்டேன். தலையாட்டியது. "கண்ணு, இது காளான் தொற்று. ஆன்டிபயாடிக் சாப்பிட்டா நல்ல கிருமி செத்து இது வளரும். சர்க்கரை இருக்கிறவங்களுக்கும் வரும். யார்கூடயும் ஒன்னும் பண்ண வேண்டியதில்லை" என்றேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டது. லேடி டாக்டரிடம் காட்டச் சொல்லி அனுப்பினேன்.

ஒரு மாதவிடாய்க்கும் அடுத்ததற்கும் நடுவில் கண்ணாடி மாதிரி, நாற்றம் இல்லாமல் படுவது இயல்பு. நாற்றம், நிறமாற்றம், அரிப்பு, அடிவயிற்று வலி, உறவின்போது ரத்தம் என்றால் காட்ட வேண்டும். சிறுநீர் எரிச்சல் பெண்களுக்குப் பெரும்பாலும் சாதாரண சிறுநீர்த் தொற்றுதான்.

ஆனால் கிளமிடியா பெரும்பாலும் இப்படி எந்த அடையாளமும் காட்டாது. தொற்று வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. அது மேலே ஏறிக் கருக்குழாயில் தழும்பு விட்டுவிட்டுப் போனால், கரு குழாயிலேயே தங்கலாம், அல்லது கரு நிற்காமலே போகலாம். எங்கள் பக்கத்தில் ஈரோடு, சேலம், கோயம்புத்தூர் என்று எங்கே பார்த்தாலும் குழந்தையின்மைச் சிகிச்சை மையங்கள். அங்கே வருகிற எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, காரணங்கள் நூறு. ஆனால் குழாய் அடைப்பு என்று ஸ்கேனில் வந்ததும் மாமியார் வீடு அந்தப் பெண்ணைப் பார்க்கும் பார்வை எனக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவர்கள் பையன் எதைச் சூடு என்று நினைத்து மோர் குடித்தான் என்று யாரும் கேட்பதில்லை.

அதனால்தான் ஜோடியாக மருந்து சாப்பிடச் சொல்கிறார்கள். ஒருவர் மட்டும் குணமாகி, மற்றவரிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்வது ரொம்ப சாதாரணமாக நடக்கிறது. ரெண்டு பேரும் மருந்தை முடித்து, டாக்டர் சொல்கிறவரை (குறைந்தது ஒரு வாரம்) உறவு வேண்டாம். அந்தப் பெண்ணிடம், அல்லது அந்தப் பையனிடம், எப்படிச் சொல்வது என்பதுதான் கஷ்டம். "எனக்கு ஒரு இன்ஃபெக்ஷன்னு டாக்டர் சொன்னாரு, நீயும் ஒரு டெஸ்ட் எடுத்துக்கோ, குணமாகிறதுதான்" என்று வாட்ஸாப்பில் அனுப்பினாலும் போதும். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பஞ்சாயத்தை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். பல சமயம் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

இடையில் லாட்ஜ் வைத்தியர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் போட்டு, சுவரில் போஸ்டர் ஒட்டி, கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது என்று சொல்லி ஆயிரக்கணக்கில் லேகியம் விற்பவர்கள். சுயஇன்பத்தால் நரம்பும் தளராது, எலும்பும் உருகாது. அதனால் எந்தப் பால்வினை நோயும் வராது, தொற்றுவதற்கு இன்னொருவர் வேண்டுமே! நிஜமாக நோய் இருப்பவனும் அவர்களிடம்தான் போய் மூன்று மாதத்தைத் தொலைக்கிறான். அது தவிர, பொதுக் கழிவறை, நீச்சல் குளம், ஒரே தட்டில் சாப்பிடுவது, இதிலெல்லாம் இந்த நோய்கள் வருவதாகப் பயப்பட வேண்டாம். வாய்வழி உறவில் வரும். இது பலருக்குத் தெரியாது.

காண்டம் வாங்குகிறவர்களுக்கு நான் பேப்பரில் சுற்றிக் கொடுப்பதில்லை. பிஸ்கட் பாக்கெட் மாதிரி அப்படியே கொடுக்கிறேன். அவர்களாக அவசரமாகப் பாக்கெட்டில் திணிக்கிறார்கள். திணிக்கட்டும், ஆனால் பர்ஸுக்குள் மாதக்கணக்கில் வைக்காதீர்கள், சூட்டில் ரப்பர் கெட்டுவிடும் (ஒருவழியாகச் சூட்டைக் குறை சொல்ல நியாயமான இடம்!). காலாவதி தேதி பாருங்கள். பல்லால் கிழிக்காதீர்கள். நுனியைக் கிள்ளிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று போட்டால் ரெட்டைப் பாதுகாப்பு இல்லை, உரசிக் கிழியும். அப்புறம், தேங்காய் எண்ணெய். நம் வீடுகளில் கைக்கு எட்டுவது அதுதான். எண்ணெயும் வாசலினும் லேடெக்ஸ் ரப்பரைச் சில நிமிஷத்தில் பலவீனமாக்கிவிடும். தண்ணீர் சார்ந்த ஜெல் கடையிலேயே கிடைக்கிறது, கேளுங்கள்.

காண்டம் மூடாத இடத்தில் தோலோடு தோல் உரசி வருவது ஹெர்பிஸும் எச்.பி.வி. என்ற வைரஸும். அங்கே பாதுகாப்பு முழுசு இல்லை. ஹெர்பிஸ் கொத்துக் கொத்தாக வலிக்கும் கொப்புளம். உடம்பைவிட்டுப் போகாது, ஆனால் அசைக்ளோவிர் அடக்கி வைக்கும். எச்.பி.வி.யில் சில வகை மரு உண்டாக்கும், சில வகை கருப்பைவாய்ப் புற்றுநோய்வரை போகும். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் கிடைத்தது. தடுப்பூசி இருக்கிறது. புனே சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் 9 முதல் 26 வயதுவரை, பெண்ணுக்கும் பையனுக்கும் போடலாம். சின்ன வயதில் போட்டால் பலன் அதிகம். தங்கச்சி இருந்தால் வீட்டில் பேச்சை எடுங்கள். ஹெபடைடிஸ் பி ஊசியும் அதே மாதிரி. சின்ன வயதில் போட்டார்களா என்று தெரியாவிட்டால் இப்போது போட்டுக்கொள்ளலாம்.

காண்டம் கிழிந்துவிட்டது, அல்லது யாரோ பலவந்தம் செய்துவிட்டார்கள் என்றால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கிறது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறீர்களோ அவ்வளவு நல்லது. பலாத்காரத்துக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாக உடனே சிகிச்சை கொடுத்தாக வேண்டும். எஃப்.ஐ.ஆர். கொண்டு வா என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடம் இல்லை. 18 வயது ஆகாதவர் என்றால் போக்சோ சட்டப்படி டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்காக நோயை உள்ளே வைத்துப் புழுங்க வேண்டாம். குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிட்டு முதலில் பேசலாம்.

சரி, எங்கே போவது? எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் நம்பிக்கை மையம் என்று போர்டு இருக்கும். இலவசம். முதலில் ஒரு ஆலோசகர் தனியாகப் பேசுவார், உங்கள் சம்மதம் வாங்கித்தான் ரத்தம் எடுப்பார்கள். முடிவை உங்களிடம்தான் சொல்ல வேண்டும், வெளியே விடக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மற்ற பால்வினை நோய்களுக்குத் தோல் பிரிவும் பால்வினை நோய்ப் பிரிவும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். ஓ.பி. சீட்டு போடும் ஜன்னலில் பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "ஸ்கின் டாக்டரைப் பார்க்கணும்" என்றால் சீட்டு கிடைத்துவிடும். உள்ளே போனதும் டாக்டரிடம் சுற்றி வளைக்காமல் எப்போது, எப்படி, பாதுகாப்போடா இல்லாமலா என்று சொல்லிவிடுங்கள். ஆணோடு ஆண் என்றாலும் சொல்லுங்கள், எந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. யாராவது முகம் சுளித்தால் 1097க்கு அடித்து வேறு மையம் கேளுங்கள். அது எய்ட்ஸ் உதவி எண், கட்டணம் இல்லை.

போகும் முன் ஒரு மணி, ரெண்டு மணி நேரம் சிறுநீர் கழிக்காமல் இருந்தால் சோதனைக்கு நல்லது. புண்ணின் மேல் களிம்பு எதுவும் தடவிக்கொண்டு போகாதீர்கள். ஏற்கனவே யாரோ சொல்லி மாத்திரை போட்டிருந்தால் அந்தக் காலி அட்டையை எடுத்துப் போங்கள். ஓ.பி. காலையில்தான், பன்னிரண்டு மணிக்கு மேல் போனால் மறுநாள் வரச் சொல்வார்கள்.